திங்கட்கிழமை ரத்தம்

8 ஜூலை 2024, திங்கள்

இன்று ரத்தம் கொடுத்த கையோடு வஹீது பாய் என்னை மடக்கிவிட்டார்.

முழங்கையை மடக்கிப் பஞ்சை அழுத்திக்கொண்டே கேட்டார். "மேடம், அந்த மருந்துக்கு நான் வேற, கிருமி வேறன்னு எப்படித் தெரியும்?"

வகுப்பில் சொல்வதையே சொன்னேன். பாக்டீரியாவின் மேல்தோலில் எதிர் மின்சுமை அதிகம். நம் ரத்த அணுவில் அவ்வளவு இல்லை. நாங்கள் செய்யும் மூலக்கூறில் நேர் மின்சுமை. அதனால் அது கிருமியைத் தேடிப்போய் ஒட்டி, தோலில் ஓட்டை போடுகிறது.

"அப்ப என் ரத்தத்துலயும் ஓட்டை போடுதே?"

"கொஞ்சம் அளவு கூடினா போடும் பாய்."

"எம்புட்டுக் கூடினா?"

"பாக்கணும்" என்றேன். பதினோரு வருஷமாக இந்த ஒரு சொல்லை வைத்துத்தான் ஓட்டுகிறேன்.

அவர் எங்கள் ஆய்வகத்தின் அட்டெண்டர். பெயர் அப்துல் வஹீது. வயது ஐம்பத்தி மூன்று. ஆய்வகம் தொடங்கிய வருஷம் ரத்த வங்கியிலிருந்து ரத்தம் கேட்டு எழுதினேன். கடிதம் மூன்று மேசைகளைத் தாண்டி வருவதற்குள் மாதம் ஒன்று போய்விட்டது. வந்த ரத்தமும் பழையது. அவர்தான் சட்டைக் கையை மடித்தார். "எங்கிட்ட இருக்குல்ல மேடம், எடுங்க." அன்றிலிருந்து ஒன்றுவிட்டு ஒரு திங்கட்கிழமை ஐந்து மில்லி. கிருமியைக் கொல்லும் மூலக்கூறு மனிதனையும் கொல்லுமா என்று பார்க்க முதல் சோதனை அதுதான். ரத்த அணுக்களின் மேல் ஊற்றுவோம். அணு உடைந்தால் திரவம் சிவக்கும். சிவந்தால் அந்த மூலக்கூறு குப்பைக்கு. எடுத்து முடிந்ததும் பஸ் ஸ்டாப் வண்டியில் அவருக்கு ஒரு பருத்திப்பால்.

வருஷாவருஷம் ஒப்புதல் படிவத்தில் கையெழுத்து வாங்குகிறேன். மாட்டேன் என்று சொல்லும் இடத்தில் அவர் என்றாவது இருந்தாரா? இதையும் நான் கேட்டுக்கொண்டதில்லை.

அறுபத்து நான்காம் மூலக்கூறு. திரவம் சிவந்துவிட்டது.

11 ஜூலை, வியாழன்

காலையில் ஆய்வகத்தின் வாசலில் நானும் மதுவந்தியும் நின்றுகொண்டிருந்தோம். சாவி இரண்டு. ஒன்று வஹீது பாயிடம். மற்றது என் மேசை இழுப்பறையில், பூட்டிய கதவுக்கு அந்தப் பக்கம். முனைவர் பட்டத்துக்கு ஆய்வு செய்கிற பெண்ணும் அதற்கு வழிகாட்டியும் சேர்ந்து ஒரு பூட்டைப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

பத்தரை மணிக்கு அவர் மகன் ரோஷன் போன் செய்தான். செல்லூரில் விசைத்தறியில் இருப்பவன். நேற்று மாலை பாய் வேலை முடிந்து வீட்டுக்குப் போகும்போது தேனி ரோட்டில் மினி லாரி அவர் வண்டியைத் தட்டிவிட்டதாம். முழங்காலுக்குக் கீழே எலும்பு தோலைக் கிழித்து வெளியே வந்துவிட்டது. விழுந்தது மழைத்தண்ணீர் தேங்கிய குழியில். இரவே ஆபரேஷன் செய்து கம்பி வைத்துவிட்டார்கள்.

"கண்ணு முழிச்சதும் சாவியத்தான் மேடம் கேட்டாரு. மேடம் வாசல்ல நிப்பாக, கொண்டுபோய்க் குடுடான்னு. இந்தா வாரேன்."

14 ஜூலை, ஞாயிறு

பார்த்துவிட்டு வந்தேன். பரவைக்குப் போகும் வழியில் ஒரு தனியார் ஆஸ்பத்திரி. காலில் கட்டு. முகம் தெளிவாக இருந்தது. "திங்கக்கிழமை டூட்டிக்கு ஒரு மாசம் லீவு குடுங்க மேடம். இங்கயே நெறைய எடுத்துட்டாங்க" என்று சிரித்தார்.

கண் மஞ்சளாக இருப்பதைக் கவனித்துச் சொன்னேன். அவர் மனைவி ஆயிஷா சித்திகா கையை ஆட்டினார். "அது எப்பவுமே அப்படித்தான் மேடம். பித்தம். அவுகம்மாவுக்கும் அப்படித்தான் இருக்கும்."

எனக்கும் அது புதிதில்லை. பதினோரு வருஷமாகப் பார்க்கும் கண்தானே.

23 ஜூலை, செவ்வாய்

துறையில் கருத்தரங்கு. வெளியூரிலிருந்து வந்தவர் பேசினார். இனி மருந்தைக் கணினியே வரையும், ஒரு மணி நேரத்தில் பத்தாயிரம் மூலக்கூறு. கைதட்டல். அந்தப் பத்தாயிரத்தில் ஒன்றைச் செய்து சுத்தப்படுத்த எங்களுக்கு மூன்று வாரம் ஆகிறது, நடுவில் கரண்ட் போகாமல் இருந்தால். அதைக் கேட்கவில்லை. எனக்குக் கேள்வி கேட்கும் பழக்கம் போய்விட்டது.

மதுவந்தியும் கணினியில்தான் வடிவமைக்கிறாள். எங்களுடைய பழைய எண்களையெல்லாம் அதற்குக் கொடுத்திருக்கிறாள். எது கிருமியைக் கொன்றது, எது ரத்தத்தை உடைத்தது. அதைப் படித்துவிட்டு அது புதிதாகச் சொல்கிறது. இதுவரை அது சொன்னதில் ஒன்பதைச் செய்துபார்த்தோம். ரத்தத்தை உடைக்காதவை கிருமியையும் கொல்லவில்லை.

ரோஷன் கொடுத்த சாவியில் ஒரு சிவப்பு நூல், தொலையாமல் இருக்க வஹீது பாய் கட்டியது. இப்போதுதான் கவனிக்கிறேன்.

29 ஜூலை, திங்கள்

போன வாரம் ஆஸ்பத்திரிகளிலிருந்து கிருமிகள் வந்தன. நாலு மாதிரி. டாக்டர் விஸ்வேஸ்வரன் மூன்று ஆஸ்பத்திரிகளுக்குக் கிருமிப் பரிசோதனை பார்ப்பவர். எந்த மருந்துக்கும் மசியாததை எங்களுக்கு அனுப்புவார். பெயர் இருக்காது, எண் மட்டும். நோயாளி யாரென்று நாங்கள் தெரிந்துகொள்ளக் கூடாது என்பது விதி.

நாலில் ஒன்று, கே-118, கிளெப்சியெல்லா. பதினாறு மருந்தை வைத்துப் பார்த்தோம். பதினாறுக்கும் தட்டு முழுக்க வளர்ந்து நிற்கிறது. கொலிஸ்டினுக்கும்கூட. சிறுநீரகத்தைக் கெடுத்தாலும் பரவாயில்லை என்று கடைசியாகக் கொடுப்பது அது. இப்படி ஒன்று நம் கையில் இதுவரை இருந்ததில்லை. இதைக் கொன்று காட்டினால் எந்த இதழும் வேண்டாம் என்று சொல்லாது.

அருமையான கிருமி.

30 ஜூலை, செவ்வாய்

டாக்டர் விஸ்வேஸ்வரன் போன் செய்தார். விதி என்று ஒன்று இருப்பது அவருக்கும் தெரியும். கொஞ்சம் தயங்கிவிட்டுச் சொன்னார்.

"நூத்திப் பதினெட்டு உங்க ஆளோடது, பிரியம்வதா. எலும்புல எறங்கிருச்சு."

நேற்று எழுதியதை அடிக்கவில்லை. இருக்கட்டும்.

1 ஆகஸ்ட், வியாழன்

காய்ச்சல் நூற்று மூன்று. தையலைப் பிரித்துவிட்டிருக்கிறார்கள். தினமும் கழுவுகிறார்கள். அறைக்கு வெளியிலேயே வாசம் தெரிகிறது. அந்த வாசத்தை எனக்குத் தட்டுகளில் தெரியும். மனிதனிடமிருந்து வருவது இதுதான் முதல்முறை.

ஆயிஷா என்னை மாடிப்படி ஓரமாக அழைத்துப்போனார்.

"மேடம், கேக்கேன்னு தப்பா நெனைக்காதீங்க. நீங்க இதுக்குத்தான மருந்து கண்டுபிடிக்கிறீங்க? அவரு வீட்ல வந்து சொல்லுவாரு. எங்க ஆய்வகத்துல எந்தக் கிருமியையும் கொன்னுருவாங்கன்னு. அறுவத்தி நாலு மருந்து வச்சிருக்கீங்களாமே. அதுல ஒன்னுகூடவா இவருக்கு ஆகாது?"

இன்னும் மருந்தாகவில்லை என்றேன்.

"பின்ன எப்பதான் ஆகும்?"

படிக் கைப்பிடியில் இருந்த தூசியை விரலால் துடைத்தேன்.

"பதினோரு வருசம் ரத்தம் குடுத்துருக்காரு மேடம்." கோபமாகச் சொல்லவில்லை. ஞாபகப்படுத்தினார், அவ்வளவுதான்.

அறுபத்து நான்கில் பாதி கே-118-ஐக் கொல்லும். கொல்லும் அளவில் அவர் ரத்தத்தையும் உடைக்கும். எவ்வளவு உடைக்கும் என்பது நூற்றுக்கு இத்தனை என்று தசமப்புள்ளியோடு என் நோட்டில் இருக்கிறது. வேறு யாருடைய ரத்தத்தைப் பற்றியும் எனக்கு இவ்வளவு தெரியாது. கிருமியும் அவருடையது, ரத்தமும் அவருடையது. இரண்டு எண்ணையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கிற ஒரே ஆள் நான். எதற்கு உதவுகிறது அது?

5 ஆகஸ்ட், திங்கள்

ரத்தம் கொடுக்க ஆள் இல்லை. என் கையை நீட்டினேன். மதுவந்தி ஊசி போடும்போது "மேம், நரம்பே கெடைக்கல" என்று மூன்று இடத்தில் குத்தினாள். வஹீது பாய் ஒரு நாளும் முகம் சுளித்ததில்லை. எனக்கு வலித்தது.

மாலையில் தட்டைக் கொண்டுவந்து காட்டினாள். ஒவ்வொரு தட்டிலும் ஒரு வரிசையில் இருபத்து மூன்றாம் மூலக்கூறை ஊற்றுவோம். ஏழு வருஷத்துக்கு முன்னால் செய்தது. எந்தக் கிருமியையும் விடாது, ஆனால் ரத்தத்தையும் ஒரேயடியாக உடைக்கும். சோதனை ஒழுங்காக நடந்ததா என்று பார்க்க வைத்திருக்கும் கெட்ட உதாரணம். அந்த வரிசை எப்போதும் ரத்தச் சிவப்பாக இருக்கும்.

இன்று அந்த வரிசை வெளுத்திருந்தது.

திட்டிவிட்டேன். ஊற்றவே மறந்திருப்பாய் என்றேன். "இல்ல மேம், ஊத்துனேன்" என்றாள். மறுபடி செய் என்றேன்.

6 ஆகஸ்ட், செவ்வாய்

மறுபடியும் வெளுப்பு.

7 ஆகஸ்ட், புதன்

மதுவந்தியின் ரத்தத்தில் செய்தோம். வாட்ச்மேன் பேயாண்டியிடமும் கேட்டு வாங்கினோம். ("எம்புட்டு வேணும்னாலும் எடுங்கம்மா, சுகர் மட்டும் இருக்கான்னு பாத்துச் சொல்லிருங்க.") கே-118-ஐக் கொல்லும் அளவில் இருபத்து மூன்று உடைத்தது இவ்வளவுதான்: எனக்கு நூற்றுக்கு மூன்று, மதுவந்திக்கு நாலு, பேயாண்டிக்கு மூன்று.

மதுவந்தி நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள். "மேம், இது வேலை செய்யுது மேம்."

நம்பாதே என்றேன். நானே என்னிடம் சொல்லிக்கொண்டதுதான். பழைய புட்டி கெட்டுப்போயிருக்கலாம். ஆனால் கெட்டது கிருமியை எப்படிக் கொல்லும்?

9 ஆகஸ்ட், வெள்ளி

புதிதாகச் செய்து வைத்திருந்த இருபத்து மூன்றிலும் அதே எண்.

டாக்டர் விஸ்வேஸ்வரனைப் பார்க்கப் போனேன். நானாகப் போனேன். காயத்தைக் கழுவும் தண்ணீரில் கலந்து ஊற்றினால், ரத்தத்தில் ஏற்றாமல், எலும்பின் மேல் மட்டும்? கேட்கும்போதே என் குரல் எனக்கே வேறு யாருடையதோ போல இருந்தது.

அவர் எடுத்தவுடன் மறுக்கவில்லை. அதுதான் பயமாக இருந்தது.

"எலியில பார்த்தீங்களா?"

"இல்லை. ஏழு வருஷம் முன்னாடியே தூக்கிப் போட்டுட்டோம்."

"சர்ஜன் ஒரு வாரம் பார்க்கலாம்கிறார். அப்புறம் கால எடுத்தாகணும். நெறிமுறைக் குழுவ அவசரமா கூட்டச் சொல்லி நான் கேக்குறேன். ஒத்துக்குவாங்கன்னு சொல்ல மாட்டேன். நீங்க எண்ணெல்லாம் எழுதிக் கொடுங்க. அவரோட ரத்தத்துலயே பார்த்து."

அவரோட ரத்தத்துலயே. இருபத்து மூன்று அவர் ரத்தத்தில் என்ன செய்தது என்பது நோட்டில் இருக்கிறது. ஆனால் அந்த எண் தப்பாகத்தானே இருக்கவேண்டும்? மற்ற மூன்று பேருக்கும் இப்படி இருக்கும்போது. ஏழு வருஷத்துக்கு முன்னால் ஏதோ பிழை. அப்படித்தான் இருக்கவேண்டும்.

இன்று வீடு வரும்வரை அப்படித்தான் நினைத்துக்கொண்டு வந்தேன். நாகமலை மேல் வெளிச்சம் இருந்தது. இன்னும் கொஞ்ச தூரம் வண்டி ஓட்டலாம் போல இருந்தது. நான் இப்படி எழுதுகிற ஆள் இல்லை.

12 ஆகஸ்ட், திங்கள்

ரோஷன் ஐஸ் டப்பாவில் கொண்டுவந்தான். ஐந்து மில்லி. திங்கட்கிழமைக்கு அவர் ரத்தம் வந்துவிட்டது.

நானே செய்தேன். மதுவந்தியைத் தொட விடவில்லை.

இருபத்து மூன்று: நூற்றுக்கு எழுபத்தொன்று.

மூன்று தடவை. எழுபத்தொன்று, அறுபத்தெட்டு, எழுபத்து மூன்று. பழைய நோட்டில் எழுபது. அப்போதும் பிழை இல்லை, இப்போதும் பிழை இல்லை. பக்கத்துக் குழியில் என் ரத்தம், அதே மருந்து, அதே நேரம், வெளுத்துக் கிடக்கிறது.

பிறகு மருந்தே இல்லாமல் பார்த்தேன். உப்புநீரைக் கொஞ்சம் கொஞ்சமாக நீர்க்க விட்டு. என் அணுக்கள் தாங்கின. அவருடையவை முதல் இரண்டு படியிலேயே உடைந்தன.

ரோஷன் வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தான். "ஆச்சா மேடம்?" இன்னும் இல்லை, நான் கூப்பிடுகிறேன் என்றேன். டப்பாவைக் கழுவி எடுத்துக்கொண்டு போனான்.

13 ஆகஸ்ட், செவ்வாய்

டாக்டர் விஸ்வேஸ்வரன் வஹீது பாயின் ரத்தத்தைக் கண்ணாடியில் தீற்றிப் பார்த்தார். சிவப்பணுக்கள் தட்டையாக, நடுவில் குழிவாக இருக்கவேண்டும். அவருடையதில் பாதிக்குமேல் உருண்டை. ஊதிய பலூன் மாதிரி, எது பட்டாலும் உடையும். பிறவியிலேயே வருவது. லேசாக இருந்தால் ஆயுசு முழுக்கத் தெரியாமலேயே இருக்கும். கண் கொஞ்சம் மஞ்சளாக இருக்கும், அவ்வளவுதான்.

"இத்தன வருஷமா ஒருத்தரும் பார்க்கலியா?"

பார்த்தோம். பதினோரு வருஷம், ஒன்றுவிட்டு ஒரு திங்கட்கிழமை.

எழுதிவைக்கிறேன், எனக்காக. ஒவ்வொரு கட்டுரையிலும் எழுதினேன்: ஆரோக்கியமான கொடையாளரின் ரத்தம், மூன்று மாதிரிகள். மூன்று மாதிரிகள் என்றால் ஒரே மனிதனிடம் மூன்று திங்கட்கிழமை எடுத்தது. ஒருமுறை ஓர் ஆய்வு நடுவர் கேட்டார், எத்தனை பேர் என்று. சுற்றி வளைத்துப் பதில் எழுதினேன். அவரும் விட்டுவிட்டார். ரத்தம் சுலபமாகக் கிடைத்தது. அதனால்தான். வேறு காரணம் எதுவும் இல்லை. முதல் வருஷப் பையனோ பெண்ணோ இப்படிச் செய்திருந்தால் நோட்டை மூஞ்சியில் விட்டெறிந்திருப்பேன்.

ரத்தம் உடைகிறது என்று மட்டுமே தூக்கிப்போட்டவை பத்தொன்பது. அதில் எத்தனை நல்லவை? இருபத்து மூன்றை ஏழு வருஷம் முன்னால் எலிக்குக் கொண்டுபோயிருந்தால் இந்நேரம் அது எங்கே இருந்திருக்கும்? யாருக்காவது போய்ச் சேர்ந்திருக்குமோ, வேறு எங்காவது விழுந்து நின்றிருக்குமோ. தெரியாது.

மதுவந்தியின் கணினி கற்றுக்கொண்டதும் இதே எண்களைத்தான். வஹீது பாயின் ரத்தத்தை உடைக்காத மருந்து எது என்று அது ராப்பகலாகத் தேடிக்கொண்டிருந்திருக்கிறது. நாங்களும் அதைத்தான் தேடினோம். பதினோரு வருஷம் ஓர் ஆய்வகமே இந்த ஒரு மனிதனுக்காக மட்டும் மருந்து தேடியிருக்கிறது. கிடைக்கவில்லை. கிடைத்தது அவரைத் தவிர மற்றவர்களுக்கு.

14 ஆகஸ்ட், புதன்

குழுவைக் கூட்ட வேண்டாம் என்று டாக்டருக்கு எழுதிவிட்டேன்.

16 ஆகஸ்ட், வெள்ளி

காலை எடுக்கிறார்கள். திங்கட்கிழமை காலை எட்டு மணி, முழங்காலுக்கு மேலே. சிறுநீரகம் தளர ஆரம்பித்துவிட்டது. இனிமேல் காத்திருந்தால் ஆள் போய்விடுவார் என்கிறார் சர்ஜன்.

மதுவந்தி கேட்டாள், "நாம என்ன மேம் பண்றது?" பழைய கட்டுரைகளையெல்லாம் எடுத்துவை என்றேன். திருத்தம் எழுதவேண்டும். அதற்கு அழுதாள். எதற்கு அழுகிறாள் என்று பிரித்துச் சொல்ல முடியவில்லை. கட்டுரைக்கா, காலுக்கா. நான் கேட்கவில்லை. டீ வாங்கிக் கொடுத்தேன்.

18 ஆகஸ்ட், ஞாயிறு

சொல்லிவிட்டேன்.

சொல்லாமல் இருந்திருக்கலாம். நாளைக்குக் கால் போகப்போகிற மனிதனிடம் போய் இதைச் சொல்ல எனக்கு என்ன வந்தது? பார்வையாளர் நேரம் முடிய இருபது நிமிஷம் இருந்தது. அவர்தான் ஆரம்பித்தார். "எனக்குப் பதிலா யாரு மேடம் ரத்தம் குடுக்கிறது?" நான்தான் என்றேன். சிரித்தார். "உங்க ரத்தத்துல மருந்து என்ன சொல்லுது?"

எப்படிப் பொய் சொல்வது? சொன்னேன். உருண்டை அணு, இருபத்து மூன்று, பத்தொன்பது. எல்லாவற்றையும். வகுப்பெடுப்பது மாதிரி சொல்லிக்கொண்டே போனேன். நிறுத்தத் தெரியவில்லை.

ஃபேனைப் பார்த்தபடியே சொன்னார்.

"அப்ப இம்புட்டு நாளும் நல்ல மருந்தையெல்லாம் நான்தான் கெடுத்தேன்."

"இல்ல பாய். நான்தான். நான் வேற ஆள்கிட்டயும் எடுத்திருக்கணும்."

"ரத்தம் என்னுதுதான மேடம்."

சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார். நாளைக்குப் பேசுவோம் என்றார். பதினோரு வருஷத்தில் அவர் என் முகத்துக்கு முதுகு காட்டியது இன்றுதான்.

ஆயிஷா என்னோடு லிஃப்ட் வரை வந்தார். பொத்தானை அமுக்கிவிட்டுச் சொன்னார். "பாரம் எறக்கி வைக்க இன்னைக்கா மேடம் நாளு பாத்தீங்க?"

ஆமாம். அவருக்காகச் சொன்னேனா, எனக்காகச் சொன்னேனா? லிஃப்ட் வரத் தாமதமாயிற்று. இரண்டு பேரும் அங்கேயே நின்றோம்.

நாளை போவதா வேண்டாமா என்று தெரியவில்லை. போய் எந்தப் பக்கம் நிற்பது?

19 ஆகஸ்ட், திங்கள்

நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

ஏழு ஐம்பதுக்குப் போய்ச் சேர்ந்தேன். அதற்குள் உள்ளே கொண்டுபோய்விட்டார்கள். அவரைப் பார்க்கவில்லை. ஆயிஷா துஆ ஓதிக்கொண்டிருந்தார். பக்கத்து நாற்காலியிலிருந்த பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். உட்காரச் சொன்னதாக எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன்.

பத்தேகாலுக்கு சர்ஜன் வந்தார். முடிந்தது, ரத்த அழுத்தம் நிற்கிறது, இனி நாற்பத்தெட்டு மணி நேரம் பார்க்கவேண்டும் என்றார்.

பிறகு ஒரு நர்ஸ் வந்து ரோஷனிடம் கையெழுத்து வாங்கினாள். எடுத்த காலை வீட்டார் கேட்டால் கொடுத்துவிடுவார்கள். அவர்கள் வழக்கப்படி அதை வெள்ளைத் துணியில் சுற்றி அடக்கம் செய்யவேண்டும். உடம்பின் ஒரு துண்டும் குப்பைக்குப் போகக்கூடாது. மஞ்சள் பையில் கட்டி, பெட்டியில் வைத்து, டேப் சுற்றிக் கொடுத்தார்கள். ரோஷன் அதைத் தூக்கிக்கொண்டு வாசலில் நின்றான். முதல் ஆட்டோக்காரர் பெட்டியில் என்ன என்று கேட்டார். அவன் உண்மையைச் சொன்னான். "வேற வண்டி பாரு மாப்ள." இரண்டாமவர் கேட்டுவிட்டுப் பேசாமலே போய்விட்டார்.

என் காரில் வை என்றேன்.

பின்சீட்டில் ரெக்ஸின் விரித்து வைத்தோம். அவன் முன்னால் உட்கார்ந்து பின்னால் ஒரு கையை நீட்டிப் பெட்டியைப் பிடித்துக்கொண்டே வந்தான். வேகத்தடை வரும்போதெல்லாம் நான் மெதுவாக ஏற்றி இறக்கினேன், வலிக்கும் என்பது போல. அந்தப் பெட்டிக்குள் கே-118 இன்னும் உயிரோடு இருக்கிறது என்பது எனக்கு மட்டும்தான் தெரியும். கோடிக்கணக்கில். அதைக் கொல்லும் மருந்து பல்கலைக்கழகத்தில் என் ஃப்ரிட்ஜில், மூன்றாவது தட்டில் இருக்கிறது. இரண்டுக்கும் நடுவில் பத்து கிலோமீட்டர்.

அடக்கம் செய்யும் மையவாடியின் வாசலில் நான் காரிலேயே இருந்துகொண்டேன். பள்ளிவாசல் ஹஜ்ரத்தும் இன்னும் இரண்டு பேரும் வந்தார்கள். குழி ஆழமாக வெட்டச் சொல் என்று ரோஷனிடம் சொன்னேன். ஏன் என்று அவன் கேட்கவில்லை. கால்மணி நேரத்தில் கையைக் கழுவிக்கொண்டு வந்தான்.

நான் பின்சீட்டை ஸ்பிரிட் வைத்துத் துடைத்துக்கொண்டிருந்தேன். அவன் பார்த்துவிட்டான். என் கை நின்றுவிட்டது.

"தொடைங்க மேடம். அத்தா காலைலயே சொல்லித்தான் விட்டாரு. மேடம் வந்தாகன்னா எல்லாத்தையும் ஸ்பிரிட் போட்டுத் தொடைப்பாக, நீ அதத் தப்பா எடுத்துக்காதன்னு."

"வேற என்ன சொன்னாரு?"

ஞாபகப்படுத்திக்கொண்டு, ஒப்பிப்பவன் மாதிரி சொன்னான். "திங்கக்கிழமை எடுக்கிற ரத்தத்துல தன்னோடதையும் விடாம எடுக்கணுமாம். புது ஆளுக வந்துட்டாகன்னு நிப்பாட்டிற வேணாம்னாரு. 'என்ன மாதிரி ரத்தக்காரன் ஊர்ல இன்னும் எம்புட்டுப் பேரு இருப்பான், அவனுக்கும் கிருமி வரும்ல, மேடத்துக்கிட்ட சொல்லு'ன்னாரு." ஞாபகம் வந்து சேர்த்தான். "பருத்திப்பாலு பாக்கியும் இருக்காம். நாலு திங்கக்கிழமைக்கு."

சீட்டைத் துடைத்து முடித்துவிட்டு ஸ்டியரிங்குக்கு வந்தேன். அவன் பக்கத்தில் ஏறி ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டான்.

மூன்றரைக்கு ஆய்வகம். மதுவந்தி ஐந்து பேரிடம் ரத்தம் வாங்கி வைத்திருந்தாள். எல்லோரும் புதியவர்கள். தாங்கியில் ஐந்து குழாய், ஆறாவது துளை காலி. ஒரு வெறும் குழாயை எடுத்து வஹீது பாயின் பெயரை எழுதி ஒட்டி அந்தத் துளையில் வைத்தேன். இந்தக் குழாயில் ரத்தம் வந்து, அதிலும் பார்த்த பிறகுதான் இனி எந்த மூலக்கூறையும் நல்லது என்று நோட்டில் எழுதவேண்டும் என்று சொன்னேன். இருபத்து மூன்றையும் சேர்த்துத்தான்.

"எப்ப வரும் மேம்?" என்று கேட்டாள்.

தெரியாது என்றேன்.